இரண்டாவதாக வந்தது

முதலாவது வந்தது தொண்ணூற்று மூன்றில்,
இணுவிலில், எங்கள் வெங்காயத் தறைக்குள்.
விடியப் பார்த்தால்
பயிர் வட்டமாய்க் கருகியிருந்தது.
ஆளைக் கொல்ல வந்ததாம். அப்போது தெரியாது.
அதற்கு மின்சாரம் வேண்டியிருந்தது.
யாழ்ப்பாணத்தில் அது போய் மூன்று வருசம்.
ரோச் லைற் பற்றரிக்கும் தடை.
வருங்காலத்திலிருந்து அனுப்பியவர்கள்
இதைக் கணக்கில் எடுக்கவில்லை.
நாலடி நடந்து
வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தது.
அப்பா கழற்றினார்.
முழங்கால் இரண்டும்
மண்ணெண்ணெய் மிசினுக்கு அளவாய் வந்தன.
பதினாறு வருசம் தண்ணீர் இறைத்தன,
ஒருநாளும் பழுது சொல்லாமல்.

இரண்டாவது போன மாசியில் வந்தது.
இப்போது கரன்ட் இருக்கிறது.
கோண்டாவில் சந்தி ட்ரான்ஸ்போமரைக் கட்டிப்பிடித்து
வயிறு முட்டக் குடித்திருக்கிறது.
ஊர் இருண்டது.
ஒழுங்கை நாய்கள் ஒன்றும் குரைக்கவில்லை.
கராச் படலை
கடதாசி போலக் கிழிந்தது.

‘கனகலிங்கம் குகதாசன்’ என்றது,
காவலரணில் பெயர் வாசிக்கிற குரலில்.
என் தம்பியின் முழுப்பெயரை
படிவம் நிரப்புகிறவர்கள் தவிர
யாரும் சொல்லிக் கேட்டு எத்தனை காலம்.

ஸ்பானரை எறிந்தேன். பிடித்தது, பிசைந்தது,
நெல்லிக்காயளவு உருண்டையாய்க் கீழே போட்டது.
சாலி மோட்டார் சைக்கிள் இரண்டு
சுவரில் போய் அப்பின.
தோளில் சூடு. என் தோல் மணத்தது.
பின்னுக்குப் பின்னுக்குப் போனேன்,
ஒயில் வழுக்கலில் அதையும் கூட்டிக்கொண்டு,
செயின் புளொக்கின் நேர் கீழே.
மேலே
றெஜினோல்ட் மாஸ்ரரின் ஒஸ்ரின் ஏ நாற்பது,
ஞாயிறு கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏறவேண்டிய கார்.
கொளுவியைத் தட்டிவிட்டேன்.

புழுதி அடங்க
காருக்கடியிலிருந்து மறுபடி:
‘குகதாசன் எங்கே?’

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.
அதைத்தானே நாங்களும் கேட்கிறம்.
தொண்ணூற்றாறு ஆடியில்
நாவற்குழிப் பக்கம் சைக்கிளில் போனவன்.
ஆணைக்குழு ஆணைக்குழுவாய்க் கேட்டம்,
கச்சேரி வாசலில் வெயிலில் நின்று கேட்டம்.
நீ இப்ப வந்து
என்னட்டைக் கேட்கிறாய்.

சம்மட்டியை ஓங்கினேன்.

‘இரண்டாயிரத்து ஐம்பத்தொன்றில்
அவர் எங்கள் ஆலையை நிறுத்துகிறார்’ என்றது.

சம்மட்டி அப்படியே நின்றது.

‘எத்தினை வயசிலை?’
‘எழுபத்தைந்து.’
‘தலைமயிர்?’
‘வெள்ளை. இடது காதில் நுனி இல்லை.’

பனங்கருக்கு வெட்டினது. எட்டு வயது.
இரத்தம் நிற்கக் கோப்பித்தூள் அப்பிவிட்டது நான்.
தரையில் இருந்துவிட்டேன்.

பிறகுதான் நினைவு வந்தது:
‘அடையாளங்கள்’ என்று கேட்ட இடமெல்லாம்
அந்தக் காதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
மூன்று மொழிப் படிவத்தில், பதினேழு தரம்.
கண்டு சொல்கிறதா,
என் கையெழுத்தை
எனக்கே வாசித்துக் காட்டுகிறதா?

பொழுதுபட லான்ட்மாஸ்ரரை இழுத்து ஸ்ரார்ட் பண்ணி
டைனமோவிலிருந்து ஒரு வயர் கொடுக்கிறேன்.
பத்து நிமிசம்.
வாய் திறக்கக் காணும்,
கை தூக்கக் காணாது.
ஒரு நாளைக்கு ஒரு கேள்வி.
நேற்று: நடக்கேக்கை நொண்டுறானோ?
இன்றைக்கு: ஆரும் பக்கத்தில் நின்றவையோ?

மாஸ்ரர் இரண்டு தரம் வந்துபோனார்.
கலியாணத்துக்கு வான் பிடித்தார்களாம்.
கார் எப்ப முடியும் பிள்ளை என்றார்.
கொஞ்சம் பாரமான வேலை மாஸ்ரர்,
அடியிலை ஒரு சாமான் இறுகிக் கிடக்குது,
நாளைக்குப் பாப்பம் என்றேன்.